வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போகும்போது எதை நிறுத்துவது, எதை விடுவது?

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். அவரும் கணவரும் நவம்பர் முதல் வாரத்தில் துபாயில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய், கிறிஸ்துமஸுக்கு முன்னால் திரும்புகிறார்கள். ஏறக்குறைய 45 நாள் வீடு பூட்டிக் கிடக்கும். போன வருடமும் இதேபோல் போயிருக்கிறார்கள். புறப்படும்போதும் திரும்பி வந்தபோதும் மீட்டரைப் போட்டோ எடுத்துப் பார்த்ததில், ஆளே இல்லாத வீட்டில் 190 யூனிட் ஓடியிருந்ததாம். "லைட், ஃபேன், டிவி எல்லாம் ஆஃப் பண்ணிட்டுத்தான் போனோம். மீட்டர் கோளாறா? இந்தத் தடவை மெயினையே ஆஃப் பண்ணிரலாமா? ஃபிரிட்ஜும் இன்வெர்ட்டரும் கெட்டுப்போகாதா?" இதுதான் கேள்வி.

மீட்டர் கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு அக்கா. நீங்கள் எழுதியிருக்கும் சாமான்களை வைத்தே அந்த 190 எப்படி வந்தது என்று சொல்லிவிடலாம். 45 நாள் என்பது 1080 மணி நேரம். ஒரு வாட் எடுக்கும் பொருள் அத்தனை நேரமும் விடாமல் ஓடினால் 1.08 யூனிட் ஆகும். ஆக, உங்கள் பயணத்துக்குக் கணக்கு ரொம்ப எளிது. ஒரு பொருள் எத்தனை வாட் எடுக்கிறதோ, கிட்டத்தட்ட அத்தனை யூனிட்.

நான்கு கேமராவும், அவை எடுப்பதைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியும் சேர்ந்து 35 வாட் என்று வையுங்கள், அது 38 யூனிட். வைஃபை மோடம் 10 வாட், 11 யூனிட். செட்டாப் பாக்ஸை ரிமோட்டில் ஆஃப் செய்தாலும் பல மாடல்கள் உள்ளே முழித்துக்கொண்டுதான் இருக்கும். அதற்கும் ஒரு 11. இன்வெர்ட்டர் பேட்டரியை நிறைத்து வைத்திருக்கவும், தான் விழித்திருக்கவும் 25 வாட் எடுத்தால் 27 யூனிட். திருடன் பயத்துக்காகக் கேட்டிலும் சிட்அவுட்டிலும் இரவும் பகலும் எரியவிட்ட இரண்டு 9 வாட் எல்இடி பல்புகள் 19. இரண்டு ஏசிக்கும் உள்ள ஸ்டெபிலைசர்கள், ஏசி ஓடாவிட்டாலும் ஆளுக்கு 8 வாட் சாப்பிட்டால் 17. ஹாலில் உள்ள புது ஃபிரிட்ஜ் நாளைக்கு அரை யூனிட் வீதம் 22. பின்பக்கம் மீனுக்கென்று வைத்திருக்கும் பழைய ஃபிரிட்ஜ் நாளைக்கு ஒரு யூனிட் வீதம் 45. கூட்டினால் 190. இவை தோராயமான அளவுகள்தான், பொருளுக்குப் பொருள் மாறும். ஆனால் நீங்கள் அணைத்துவிட்டுப் போன லைட்டும் ஃபேனும் டிவியும் இந்தப் பட்டியலிலேயே இல்லை என்பதைக் கவனியுங்கள். பூட்டிய வீட்டில் கரண்டைத் தின்பது சுவிட்ச் போட்டு ஓடுகிற பொருள் இல்லை, எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பதால் நாம் மறந்துவிட்ட பொருள்.

உங்கள் வீட்டில் உண்மையான அளவு எவ்வளவு என்று புறப்படும் முன்பே நீங்களே பார்த்துக்கொள்ளலாம். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். பக்கத்திலேயே எத்தனை முறை மின்னினால் ஒரு யூனிட் என்று அச்சிட்டிருப்பார்கள். 3200 என்று போட்ட மீட்டரை எடுத்துக்கொள்வோம். ஊருக்குப் போகும்போது எதையெதை ஓடவிட்டுப் போவீர்களோ அதை மட்டும் விட்டு, மற்றதை எல்லாம் அணையுங்கள். ஃபிரிட்ஜ் ஓடியும் நின்றும் குழப்பும் என்பதால் அதையும் அந்த நேரத்துக்கு அணைத்துவிடுங்கள். பிறகு 15 நிமிடம் அந்த விளக்கு மின்னுவதை எண்ணுங்கள். 20 முறை மின்னினால் ஒரு மணி நேரத்துக்கு 80 முறை. 80-ஐ 3200-ஆல் வகுத்தால் 0.025 யூனிட், அதாவது 25 வாட். ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிக்கொண்டே எண்ணினால் எது எவ்வளவு எடுக்கிறது என்று தெரிந்துவிடும். வீட்டு லைன்கள் பிரியும் டிபி பாக்ஸில், லைனுக்கு ஒன்றாக உள்ள சின்ன சுவிட்சுகளான எம்சிபி எல்லாவற்றையும் கீழே தள்ளிய பிறகும் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால், மீட்டருக்கும் டிபி பாக்ஸுக்கும் நடுவில் கசிவு இருக்கிறது, இல்லாவிட்டால் உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு லைன் அங்கிருந்து பிரிந்து போகிறது. மாடி கட்டும்போது தற்காலிகமாக இழுத்த வயரை அப்படியே விட்ட வீடுகள் நம் ஊரில் நிறைய உண்டு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, மெயினை ஆஃப் செய்யலாமா? கேமரா வேண்டாம் என்றால் தாராளமாகச் செய்யலாம். இன்வெர்ட்டரை முறைப்படி நிறுத்திய பிறகு, அதைக் கீழே சொல்கிறேன். கேமரா வேண்டும் என்றால் வேறு வழி பார்க்க வேண்டும். நான் வயரிங் வேலை பார்க்கிறவன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற, அடிக்கடி பூட்டிக் கிடக்கிற வீடுகளுக்கு நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான். கேமராவுக்கும் மோடத்துக்கும் மட்டும் டிபியில் ஒரு தனி எம்சிபி, ஒரு தனி லைன் போட்டுக்கொள்ளுங்கள். கேட் லைட்டும் ஃபிரிட்ஜும் அதில் வேண்டாம். ஊருக்குப் போகும்போது அந்த ஒன்றை மட்டும் மேலே வைத்துவிட்டு மீதி எல்லாவற்றையும் கீழே தள்ளினால் முடிந்தது. எதை அணைத்தோம், எதை விட்டோம் என்று ஏர்போர்ட்டில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை.

தனி லைன் என்று நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஷாக் அடிக்காமல் காக்கிற ஆர்சிசிபி, மின்வாரியம் உயிர்காக்கும் சாதனம் என்று சொல்வது, பெரும்பாலான வீடுகளில் மொத்த வீட்டுக்கும் ஒன்றுதான் இருக்கும். ஐப்பசி மழையில் கேட் தூணில் உள்ள லைட்டுக்குள் தண்ணீர் இறங்கினால் 30 மில்லிஆம்பியர் கசிவே அதை டிரிப் ஆக்கப் போதும். அது விழுந்தால் கேமராவும் போச்சு, ஃபிரிட்ஜும் போச்சு. நீங்கள் துபாயில் இருந்துகொண்டு அதை மேலே தூக்க முடியாது. பூட்டிய வீட்டில் ஃபிரிட்ஜில் மீன் அழுகிக் கிடந்தது என்று சொல்லி என்னை வரச் சொன்ன வீடுகளில் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருந்தது, இபி கரண்டு இல்லாமல் போனதல்ல. அதனால் வெளி லைட்டுகள், டெரஸ் பிளக், கிணற்றடி லைன் ஆகிய மழை படும் சர்க்யூட்டுகள் எல்லாமே போகும்போது ஆஃபில் இருக்கட்டும். ஆர்சிசிபியைத் தூக்கிவிட்டு நேர் லைன் கொடுத்தால் டிரிப் ஆகாது என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அது உயிர் விஷயம்.

இப்போது இன்வெர்ட்டர். உங்கள் கேள்வியில் பணம் அதிகம் சிக்கியிருப்பது இதில்தான், ஏனென்றால் ஒரு நல்ல டியூபுலர் பேட்டரி பதினைந்தாயிரம் ரூபாய்க்கு முன்பின் விற்கிறது. மெயினை மட்டும் ஆஃப் செய்துவிட்டுப் போனால் என்ன ஆகும்? கரண்டு போய்விட்டது என்று இன்வெர்ட்டர் நினைத்துக்கொள்ளும். அணைக்க மறந்த ஒரு பாத்ரூம் லைட், சாமி படத்துக்கு முன்னால் எரியும் சின்ன பல்பு, கேமரா என்று எது அந்த லைனில் இருந்தாலும் பேட்டரியிலிருந்து கொடுத்துக்கொண்டே இருக்கும். ஓரிரு நாளில் பேட்டரி காலியாகிவிடும். காலியான லெட் ஆசிட் பேட்டரி அப்படியே ஒரு மாதம் கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் இறுகிப் படிந்துவிடும். அதன்பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் ஒரு வாரத்துக்கு மேல் கரண்டு வரவில்லை. அந்த மாதிரி நாளில் வீட்டில் ஆள் இருந்தாலாவது கவனித்து நிறுத்துவார்கள். நீங்கள் போவதும் அதே மாதத்தில்தான்.

முறை இதுதான். புறப்படுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் மட்டத்தைப் பாருங்கள், குறைந்திருந்தால் ஊற்றுங்கள். அதற்குப் பிறகு நன்றாக நிறைய சார்ஜ் ஏறட்டும். புறப்படும் அன்று முதலில் இன்வெர்ட்டரின் முன்பக்க சுவிட்சை ஆஃப் செய்யுங்கள், அதன்பிறகு அதற்கு வரும் பிளக்கையோ எம்சிபியையோ ஆஃப் செய்யுங்கள். முன்பக்க சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பெரும்பாலான மாடல்களில் அது பேட்டரியிலிருந்து வீட்டுக்குக் கொடுப்பதைத்தான் நிறுத்தும், சார்ஜ் எடுப்பது தொடர்ந்து நடக்கும். நிறைய சார்ஜ் ஏறிய, நல்ல நிலையில் உள்ள பேட்டரி 45 நாள் சும்மா இருப்பதால் கெடாது. தானாக இறங்குவது மாதத்துக்குச் சில சதவீதம்தான். பேட்டரி பழையது என்றால், அல்லது மூன்று மாதம், ஆறு மாதம் என்று போகிறவர்கள் என்றால், சாவி வைத்திருப்பவரிடம் மாதம் ஒருமுறை வந்து ஒரு பகல் முழுக்கச் சார்ஜ் போட்டுவிட்டு அணைக்கச் சொல்லுங்கள். நீண்ட நாளுக்கு பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றி வைப்பதும் நல்லதுதான், ஆனால் அதை எலக்ட்ரீஷியனோ பேட்டரிக்காரரோ செய்யட்டும். ஸ்பேனர் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் பட்டால் நெருப்புப் பொறி பறக்கும். லித்தியம் பேட்டரி உள்ள புது மாடல் என்றால் இவ்வளவு பாடு இல்லை, அணைத்துவிட்டுப் போகலாம்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். பல வீடுகளில் கேமரா லைன் இன்வெர்ட்டர் வழியாகத்தான் போகும். இன்வெர்ட்டரை நிறுத்தினால் கேமராவும் நின்றுவிடும். அப்படியானால் பைபாஸ் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை இபி பக்கம் திருப்பி வைத்தால் நேரடிக் கரண்டு போகும். கரண்டு இல்லாத நேரத்திலும் கேமரா ஓட வேண்டுமே என்று கேட்பீர்கள். அதற்காகப் பெரிய இன்வெர்ட்டரை 45 நாளும் விழித்திருக்க வைக்க வேண்டியதில்லை. மோடத்துக்கென்றே விற்கும் சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் ஒன்று வாங்கி, உள்ளே மெமரி கார்டு போடும் வைஃபை கேமரா ஒன்றை வாசலைப் பார்த்து வைத்தால், இரண்டும் சேர்ந்து 15 வாட்டைச் சுற்றித்தான் எடுக்கும். வாங்கும்போது அந்த யுபிஎஸ் கேமராவுக்கும் சேர்த்துத் தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாசல், பின்வாசல் தவிர மற்ற கேமராக்களை நிறுத்த மனம் வராது என்றால் ஓடட்டும். அந்த 38 யூனிட் நிம்மதிக்கான விலை, அதை வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஃபிரிட்ஜுக்கு வருகிறேன். நம் ஊரில் இது வேறு ஊர்க்காரர்களின் ஃபிரிட்ஜ் மாதிரி இல்லை. குளச்சலிலிருந்தோ முட்டத்திலிருந்தோ வந்த மீனைக் கழுவி, வகை வகையாகப் பிரித்து, பெட்டி போட்டு வைத்திருப்போம். துருவிய தேங்காய், சக்கை (பலா) காலத்தில் உரித்து வைத்த சுளை, அவித்த மரச்சீனி (மரவள்ளி) என்று எல்லாம் இருக்கும். அதனால் காலி செய்ய மனம் வராது. நாலைந்து நாள் பயணம் என்றால் ஓடட்டும், குளிர் அளவை மட்டும் நடுவில் வையுங்கள். ஒரு வாரத்தைத் தாண்டினால் காலி செய்துவிட்டு அணைப்பதுதான் என் கருத்து. 45 நாளுக்கு யோசனையே வேண்டாம், இரண்டையும் அணையுங்கள். இந்த ஒரு செயலிலேயே உங்களுக்கு 67 யூனிட் மிச்சம்.

மீன் வாங்குவதைப் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே குறைத்துக்கொள்ளுங்கள். இருப்பதைச் சமைத்துத் தீர்த்துவிடுங்கள், மிச்சம் இருந்தால் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுங்கள். முந்தின நாளே அணைத்து, ஐஸ் முழுக்கக் கரைந்து வடிய விட்டு, பின்பக்கம் அடியில் தண்ணீர் சேரும் தட்டையும் கொட்டித் துடைக்க வேண்டும். அந்தத் தட்டைப் பலரும் விட்டுவிடுவார்கள், நாற்றமும் கொசுவும் அங்கேதான் பிறக்கும். சோடா உப்பு கலந்த தண்ணீரால் உள்ளே துடைத்து, காய்ந்த துணியால் ஈரத்தை எடுத்து, கதவை மூடாமல் ஒரு மடித்த துணியை இடுக்கில் வைத்துத் திறந்தபடி விடுங்கள். மழைக்காலத்தில் நம் ஊர் ஈரக்காற்றில், அணைத்து மூடி வைத்த ஃபிரிட்ஜ் மூன்றே வாரத்தில் பூசணம் பிடித்துவிடும். சின்னப் பிள்ளைகள் வந்து போகும் வீடு என்றால் மட்டும் அந்த அறையைப் பூட்டி வையுங்கள். ஃபிரிட்ஜை நிறுத்திப் போட்டால் கேஸ் போய்விடும் என்று ஒரு பேச்சு உண்டு. போகாது. கேஸ் மூடிய குழாய்க்குள் இருக்கிறது, ஓட்டை இருந்தால் ஓடினாலும் போகும், நின்றாலும் போகும்.

மருந்து இருக்கிறது, இன்சுலின் இருக்கிறது, கட்டாயம் ஓட வேண்டும் என்கிறவர்கள், முடிந்தால் அதைப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் ஒப்படைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜை ஓடவிட்டே போகிறவர்கள் ஃப்ரீசரில் ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் உறைந்து கிடந்தால், நடுவில் நீண்ட நேரம் கரண்டு இல்லாமல் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம், அந்த மீனைத் தொடாதீர்கள். கதவைத் திறக்காத ஃப்ரீசர், நிறைய சாமான் இருந்தால் சுமார் 48 மணி நேரமும், பாதி இருந்தால் 24 மணி நேரமும் குளிரைத் தாங்கும். கீழ்த்தட்டு நான்கு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. காலி இடம் இருந்தால் தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து நிரப்புவது இதனால்தான்.

அடுத்தது இடி. கரண்டு மிச்சப்படுத்துவதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நினைக்க வேண்டாம். நம் மாவட்டத்தில் சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் சாயங்காலம் இடி மின்னல் பலமாக இருக்கும், குலசேகரம், பேச்சிப்பாறை என்று மலையோரம் போகப் போக இன்னும் அதிகம். சுவிட்சை அணைத்தால் போதாது. சுவிட்சின் சின்ன இடைவெளியை மின்னல் தாண்டிவிடும். பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட வேண்டும். டிவி, செட்டாப் பாக்ஸ், ஏசி ஸ்டெபிலைசர், வாஷிங் மெஷின், மைக்ரோவேவ், வாட்டர் ப்யூரிஃபையர் எல்லாம். டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளையும் பாக்ஸிலிருந்து திருகிக் கழற்றுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கேபிளை விட்டதால் டிவி போன வீடுகள் உண்டு. ஒரே வேலையில் மின்சாரமும் மிச்சம், சாமானும் பத்திரம். நியூட்ரல் கழன்று வீட்டுக்குள் அதிக வோல்டேஜ் ஏறும் நாளிலும் பிடுங்கி வைத்த பொருள் தப்பித்துக்கொள்ளும்.

மோட்டாரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் டேங்க் குறைந்தால் தானாக ஓடும் ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் மாட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைக் கட்டாயம் அணைத்துவிட்டுப் போங்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் எடுக்கும். பாத்ரூம் ஃப்ளஷ் டேங்கில் லேசான ஒழுகல் இருந்தாலே டேங்க் இறங்கும், மோட்டார் ஏற்றும், மறுபடி இறங்கும். தினமும் 20 நிமிடம் ஓடினால் 45 நாளில் 15 யூனிட். கோடையில் கிணற்றில் தண்ணீர் வற்றும் நேரம் என்றால் யூனிட்டை விட மோட்டாரே எரிந்துபோவதுதான் பயம். டேங்கிலிருந்து வீட்டுக்கு இறங்கும் கேட் வால்வையும் மூடிவிடுங்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒன்றரை மாதம் ஓடாமல் கிடந்த மோனோபிளாக் மோட்டார் துருப்பிடித்து இறுகிக்கொள்ளலாம். சாவி வைத்திருப்பவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஓட்டினால் நல்லது, அப்படியே தோட்டத்துக்கும் தண்ணீர் ஆச்சு.

கேட் லைட்டைப் பற்றி எனக்குத் தெளிவான கருத்து உண்டு. பகலிலும் எரிகிற வாசல் லைட், வீட்டில் ஆள் இல்லை என்பதைத் தெருவுக்கே சொல்கிறது. இருட்டினால் தானே எரிந்து விடிந்தால் அணையும் சென்சார் பல்பு ஒன்றைச் சிட்அவுட்டில் மழை படாத இடத்தில் மாட்டி, அதைக் கேமரா லைனிலேயே சேர்த்துவிடுங்கள். மழை படாத இடம் என்பதால் இதைச் சேர்ப்பதில் பயமில்லை. 9 வாட் பல்பு இரவு மட்டும் எரிந்தால் 45 நாளைக்கு 5 யூனிட்தான். இன்னும் பழைய 60 வாட் குண்டு பல்பை வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அதை விடாமல் எரியவிட்டால் மாதத்துக்கு 43 யூனிட் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குளியலறை ஹீட்டர் ஆனிலேயே கிடந்தால், தண்ணீர் ஆறுவதும் மறுபடி சுடவைப்பதுமாகத் தினம் அரை யூனிட்டாவது போகும். அதன் எம்சிபியைக் கீழே தள்ளுங்கள். மொபைல் சார்ஜரும் டிவியின் சிவப்புப் புள்ளியும் எடுப்பது ஒரு வாட்டுக்கும் குறைவு, கரண்டுக்காக அவற்றை நினைத்துக் கவலைப்பட வேண்டாம், இடிக்காகப் பிடுங்கினால் போதும். ஏசி ரிமோட், டிவி ரிமோட்டுகளிலிருந்து பேட்டரியைக் கழற்றுங்கள், கசிந்து ரிமோட்டைக் கெடுக்கும். கேஸ் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போவது உங்களுக்கே தெரியும். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் இருந்தால் பாதிக்குச் சற்று மேலே சார்ஜ் வைத்து, சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள்.

கூரையில் சோலார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதால் நம் பக்கமும் பலர் போட்டிருக்கிறார்கள். அவர்கள் மெயினை ஆஃப் செய்யக் கூடாது. பேட்டரி இல்லாத சோலார் இன்வெர்ட்டர், இபி லைனில் கரண்டு இருந்தால்தான் வேலை செய்யும். இல்லாவிட்டால், கம்பத்தில் வேலை பார்க்கிறவருக்கு ஷாக் அடித்துவிடக் கூடாது என்பதற்காகத் தானாக நின்றுவிடும். மெயினை ஆஃப் செய்தால் நீங்கள் ஊரில் இல்லாத அத்தனை வெயிலும் வீண். வீட்டுக்குள் போகும் சர்க்யூட்டுகளை மட்டும் அணைத்துவிட்டு, சோலார் லைனை இபியோடு சேர்ந்தபடியே விடுங்கள். வீட்டில் யாரும் செலவழிக்காத அந்த யூனிட்டுகள் நெட் மீட்டர் வழியாக வெளியே போய் உங்கள் கணக்கில் கழியும். உங்கள் டிபியில் சோலார் எந்த இடத்தில் சேருகிறது என்று அதை மாட்டியவரிடம் ஒருமுறை காட்டச் சொல்லி, அந்த எம்சிபியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வையுங்கள்.

இப்போது பில். சொன்னபடி செய்தால் கேமரா, மோடம், ஒரு பல்பு மட்டும் ஓடி, 45 நாளைக்கு 55 யூனிட்டைச் சுற்றி நிற்கும். 190 இருந்த இடத்தில் இது. அந்த இரண்டு மாதக் கணக்கில் நீங்கள் வீட்டில் இருக்கும் 15 நாளுக்கு ஒரு 90 யூனிட் சேர்த்தால் மொத்தம் 145, பழைய முறையில் 280. 2024 ஜூலைக் கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம், 200-ஐத் தாண்டிய யூனிட்டின் விலை அதற்கு முந்தைய அடுக்கைப் போல இரண்டு மடங்கு. ஆக மிச்சம் ஐந்நூறு ரூபாயைச் சுற்றி. பெரிய தொகை இல்லை என்று தோன்றும். ஆனால் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்கு நிலைமை வேறு. தாண்டினால் 101 முதல் 200 வரையிலான மலிவு விலையே பறிபோகும், மேலே உள்ள யூனிட்டுகளின் விலையும் சட்டென ஏறும். அங்கே 135 யூனிட் குறைவது ஆயிரத்துக்கு மேல் வித்தியாசம் காட்டும்.

அப்புறம், மீட்டர் பூட்டிய கேட்டுக்குள்ளே இருந்தால் ரீடிங் எடுக்க வருகிறவர் திரும்பிப் போய்விடுவார். சாவி வைத்திருப்பவரின் நம்பரை உங்கள் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லி வையுங்கள். ரீடிங் எடுத்து 20 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இணைப்பைத் துண்டிப்பார்கள். கேமராவும் அதோடு போகும். துபாயிலிருந்தே மொபைலில் கட்டலாம், அல்லது போகும் முன் முன்பணமாக ஒரு தொகை கட்டிவிட்டுப் போனால் பில்லில் தானாகக் கழித்துக்கொள்வார்கள். தெருவில் லைன் அறுந்தது, கம்பம் சாய்ந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987 என்ற எண்ணுக்கு, சொல்லச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து நீங்கள் அழைத்துக்கொண்டிருப்பதைவிட உள்ளூரில் ஒருவர் அழைப்பது சுலபம்.

திரும்பி வந்த அன்று அலுப்போடு எல்லா எம்சிபியையும் ஒரே தூக்காகத் தூக்கிவிடாதீர்கள். முதலில் டிபி பாக்ஸைத் திறந்து எறும்புக் கூடோ பல்லியோ எலி கடித்த வயரோ தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்றரை மாதம் அமைதியாகக் கிடந்த சுவிட்ச் பாக்ஸ் எறும்புக்குப் பிடித்த இடம். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் பிளக் பாயிண்டில் உப்புக்காற்றால் பச்சைப் பூத்திருக்கும், அதில் அப்படியே அயர்ன் பாக்ஸைச் சொருகினால் கருகும். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அதை மாற்றியே ஆக வேண்டும். அதன்பிறகு லைட் லைன், அடுத்து இன்வெர்ட்டர், பிறகு மோட்டார் என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைத் தூக்கும்போது டிரிப் ஆகிறதோ அந்த லைனில்தான் ஈரமோ கசிவோ இருக்கிறது, அதை மட்டும் கீழே விட்டுவிட்டு மற்றவற்றைப் பயன்படுத்தலாம். ஹீட்டரில் தண்ணீர் நிறைந்திருக்கிறதா என்று சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்துவிட்டுப் போடுங்கள், காலி ஹீட்டரில் கரண்டு பாய்ந்தால் உள்ளே சூடாக்கும் காயில் எரிந்துவிடும். ஃபிரிட்ஜைத் துடைத்து, கதவை மூடி, காலியாகவே ஐந்தாறு மணி நேரம் ஓடவிட்டு, குளிர் ஏறிய பிறகு சாமான்களை வையுங்கள். பழைய மீன் ஃபிரிட்ஜை மறுபடி போடுவதற்கு முன்னால் மட்டும் ஒரு தடவை யோசித்துப் பாருங்கள் அக்கா. நீங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் அது நீங்கள் ஊரில் இருக்கும்போதும் வருடத்துக்கு 365 யூனிட் தின்கிறது. கிறிஸ்துமஸுக்கு மகன் குடும்பம் வரும்போது ஓட்டினால் போதாதா?